ஆலையே இல்லாத ஊரில் மாசிக் காலை ஏன் புகைகிறது?

நீங்கள் கேட்டது மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வீசிங் தொந்தரவு உள்ள அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து தேவகோட்டைப் பக்கம் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். மாசி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் தெருக்கோடி தெரியாமல் வெள்ளையாக மூடிக்கிடக்கிறது. போனில் காற்றுத்தர எண் 120 காட்டுகிறது, பதினொரு மணிக்குப் பார்த்தால் 50. சாயங்காலத்துக்குள் வளவுத் தரையெல்லாம் செந்தூசு. "ஆலையே இல்லாத ஊரில் இது எப்படி? வடக்கேயிருந்து வரும் புகையா, வெயில் தொடங்குவதாலா? அம்மாவை எப்போது நடக்கக் கூட்டிப்போவது?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரும் அதேதான், ஆட்களும் அதேதான், பிறகு காற்று மட்டும் வேளைக்கு ஒரு மாதிரி இருப்பது ஏன் என்பதுதான் நீங்கள் கேட்பது.

என்னைப் பற்றி ஒரு வரி. காற்றில் மிதக்கும் துகளைப் பிடித்து எடை போடுவதுதான் முப்பது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. சொந்த ஊரும் செட்டிநாட்டுக்குள்தான், அதனால் நீங்கள் சொல்லும் தெருக்கோடி எனக்குக் கண்ணில் தெரிகிறது. மருத்துவன் இல்லை. இன்ஹேலர், மாத்திரை விஷயமெல்லாம் அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வேலையில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு கூண்டுக்குள் காற்றை இழுக்கும் மோட்டார், அதன் வாயில் எட்டுக்குப் பத்து அங்குலத்தில் கண்ணாடி இழையால் ஆன வெள்ளைத் தாள். போடுமுன் ஒரு எடை, கழற்றியபின் ஒரு எடை, வித்தியாசம்தான் தூசு. எடையைத் தராசு சொல்வதற்குள் நிறமே பாதியைச் சொல்லிவிடும். தை, மாசியில் இரவு முழுக்க ஓடிய தாள் கரிச்சட்டியைத் துடைத்த துணி மாதிரி சாம்பல் கறுப்பாக வரும். மூக்கருகே கொண்டுபோனால் புகை வாடை. பங்குனிப் பின்பாதியிலும் சித்திரையிலும் பகலில் ஓடிய தாள் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பில் இருக்கும், வாடையே இருக்காது. சில நாள் இரண்டு தாளும் கிட்டத்தட்ட ஒரே எடை நிற்கும். எடை ஒன்றானாலும் நெஞ்சுக்குள் போய் அவை செய்கிற வேலை வேறு. உங்கள் வீட்டுக் காலையும் மத்தியானமும் இந்த இரண்டு தாள்தான்.

கறுப்புத் தாளை முதலில் பார்ப்போம். காற்றுக்கும் ஒரு மச்சு, அதாவது புகை தாண்டி ஏற முடியாத ஒரு கூரை, உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தரை சூடேறினால் அதை ஒட்டிய காற்றும் சூடாகி, குமிழி குமிழியாக மேலே ஏறும். தெருவில் கிளம்பிய புகையையும் கூடவே தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்துவிடும். இரவில் இது தலைகீழ். மேகமில்லாத வானத்தின் கீழே தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிட்டுக் குளிர்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. பகலில் மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடு குறையும். இரவிலோ கொஞ்ச உயரத்துக்கு அது கூடிக்கொண்டே போகும். காரைக்கால் போன்ற இடங்களிலிருந்து வானிலைத் துறை காலை 5.30 மணிக்கு விடும் பலூன் இப்படி உயரத்துக்கு உயரம் வெப்பத்தை அளந்துகொண்டுதான் போகிறது. குளிர்ந்த காற்று கனம், மேலே ஏறாது. அன்றைய புகையெல்லாம் நூறு, இருநூறு மீட்டருக்குள் அடைபட்டுக்கொள்ளும். மச்சு 1,500 மீட்டரில் இருக்கும்போது எரித்த குப்பையை 150 மீட்டரில் இருக்கும்போது எரித்தால், குப்பை அதேதான், மூச்சில் வரும் புகை பத்து மடங்கு.

மாசியில் இது ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது, காற்றும் அசையவில்லை, தரை சூட்டை இழக்க ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. கண்மாயிலும் வயலிலும் இன்னும் ஈரம் இருப்பதால் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஆட்கள் சொன்னது குளிரைப் பற்றித்தான். எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே பலூன் வரைபடம்தான் ஞாபகம் வரும். இன்னொன்றும் உண்டு. சூரியன் வந்த உடனே காற்று தெளிந்துவிடாது. முதலில் தரைப்பக்கம் கிளறிவிட்டு, ராத்திரி கொஞ்சம் மேலே தொங்கிக்கொண்டிருந்த புகையையும் கீழே இழுத்துவிடும். அதனால் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை பல நாள் ஆறு மணியைவிட மோசமாக இருக்கும். பள்ளிக்கூட வண்டியும், கடைவாசல் கூட்டலும், வாக்கிங் போகிறவர்களும் ஒன்றாகச் சேருவது அந்த நேரத்தில்தான் என்பது நம் தலையெழுத்து.

ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புகை என்று நினைத்துவிடாதீர்கள். ஈரப்பதம் அதிகமானால் காற்றில் உள்ள நுண்துகள் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும், ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். தெருக்கோடி மறைந்த நாளெல்லாம் நச்சு நாள் இல்லை. கடையில் கிடைக்கும் சின்ன லேசர் மீட்டரும் இதே இடத்தில் ஏமாறும், பனி நாளில் கூட்டிச் சொல்லும். கண்ணை நம்பி அளவு சொல்வது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம்.

போன் எண்ணுக்கு வருகிறேன். அந்தச் செயலியில் எண்ணின் மேல் தொட்டால் எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று காட்டும். பக்கத்தில் நிலையம் எதுவும் இல்லையென்றால் அது செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. உங்கள் தெருவை யாரும் அளக்கவில்லை. அடுத்தது, எந்த நாட்டுக் கணக்கு என்று பாருங்கள். பல செயலிகள் அமெரிக்கக் கணக்கில் காட்டுகின்றன. உங்கள் 120 அந்தக் கணக்கானால், அடியில் இருக்கும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள், ஒரு கனமீட்டருக்குச் சுமார் 43 மைக்ரோகிராம். அதே காற்று நம் நாட்டுக் கணக்கில் 70க்குச் சற்று மேலே, 'திருப்திகரம்' என்ற வகையில் விழும். நம் கணக்கிலேயே 120 என்றால் சுமார் 66. ஒருநாள் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 15. ஒரே அம்மா, ஒரே நுரையீரல், யார் வரம்பைப் பிடித்துக்கொள்கிறீர்களோ அதற்குத் தகுந்தாற்போல் நிம்மதியோ கவலையோ வரும். எண்ணைவிட அது காலையில் ஏறி பதினொன்றுக்கு இறங்குகிறதே, அந்தப் போக்கை நான் அதிகம் நம்புவேன்.

சரி, புகை யாருடையது? ஆலை இல்லை என்கிறீர்கள். புகைக்கு ஆலையே வேண்டாம். மாசியில் வேம்பு இலை உதிர்க்கும், வாசல் கூட்டிக் குவித்துத் தீ வைக்காத தெரு எது? வெந்நீர் அடுப்பு இருக்கிறது. தீக்குச்சி விழுந்த குப்பைமேடு நாலு நாள் கனிந்துகொண்டிருக்கும். கரும்பு வெட்டிய இடத்தில் காய்ந்த தோகையைக் கொளுத்துவார்கள். செங்கல் காளவாசல் ஓடும் காலமும் இதுதான். உமியை எரித்து நெல் அவிக்கிற அரிசி மில் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் மொட்டைமாடிக் கரித்துகள் கதை சொல்வார்கள். நம் சீமைக்கே உரிய இன்னொரு சமாச்சாரம் கரிமூட்டம். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு மண்ணால் பூசி, சின்ன வாய் விட்டுத் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியும். தீக்கொழுந்து விட்டு எரிவதைவிட இப்படிக் கனிவது நுண்துகளை மிக அதிகமாகக் கக்கும். பகலில் போனால் ஒரு மெல்லிய நீலக்கோடு மேலே போகிறது, அவ்வளவுதான் தெரியும். அதே மூட்டத்தை விடியற்காலை பாருங்கள், அந்தக் கோடு ஒரு பனை உயரம் ஏறி அப்படியே படுத்து, கண்மாய்க்கரை நெடுகப் பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும். மூட்டம் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வறண்ட சீமையில் அது பல குடும்பத்துக்குச் சோறு.

வடக்குப் புகை என்பதும் கட்டுக்கதை இல்லை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் நடத்திய ஆய்வில், துணைக்கண்டத்துப் புகைமூட்டம் வடகிழக்குக் காற்றோடு கடல் தாண்டி மாலத்தீவுப் பக்கம் வரை போவதை அளந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். நம் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஆக, மாலத்தீவு வரை போகிற புகை நம் தலைக்கு மேலேயும் போகலாம், மாசி வரைக்கும் காற்று அந்தத் திசைதான். ஆனால் உங்கள் காலை எட்டு மணிப் புகைக்கு அதைக் காரணம் சொல்ல நான் தயங்குவேன். தொலைவிலிருந்து வரும் புகை ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடிமனுக்குப் பரவி வரும், கடிகாரம் பார்த்து வந்து போகாது. அது வந்த நாளில் மத்தியானம்கூட வானம் நீலமாக இருக்காது, மோரில் தண்ணீர் விட்ட மாதிரி வெளுத்திருக்கும். உங்கள் எண் பதினொரு மணிக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியானால் பெரும்பகுதி பக்கத்துப் புகை என்றே எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால், தாளில் பிடித்த துகளை வேதியியல் முறையில் பிரித்துப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிடும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, போட்டுப் பாருங்கள்; அவை வந்த தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை தவறுவது சாதாரணம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பங்குனியில் காட்சி மாறும். ஏட்டுக் கணக்குப்படி பங்குனி இன்னும் பின்பனிதான், சித்திரைதான் இளவேனில். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! வெயில் ஏற ஏற மச்சு சீக்கிரமே உயர்ந்துவிடும், காலைப் புகையும் சீக்கிரமே கலையும். திசையும் திரும்பும். வாடையும் கொண்டலும் ஓய்ந்து, தெற்கிலும் தென்கிழக்கிலும் இருந்து தென்றல் வரத் தொடங்கும். நமக்குத் தென்கிழக்கு என்றால் பாக் நீரிணை. காரைக்குடியிலிருந்து கடல் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலேதான். வரும் வழியில் பெரிய நகரம் இல்லை. அந்தக் காற்று கொண்டுவரும் உப்புத்துகளும் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) கணக்கில் சேரும்தான், ஆனால் கரையை விட்டு உள்ளே வர வர வேகமாகக் குறைந்துவிடும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து (சிக்ரி) ஆட்கள் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்துத் துருவை அளந்தவர்கள். மண்டபம் கடற்கரையில் இருக்கும் இரும்பையும் நம் வீட்டு ஜன்னல் கம்பியையும் ஒப்பிட்டாலே வித்தியாசம் புரியும். என்னைக் கேட்டால் வருடத்தில் நல்ல காற்று என்று சொல்லத்தக்க சில வாரங்கள் இந்தத் தென்றல் வாரங்கள்தான், அதாவது காலையிலும் மாலையிலும்.

மத்தியானத்தில் சிவப்புத் தாள். மழை முடிந்து மூன்று மாதத்தில் செம்மண் மேல்பரப்பு மாவாகிவிடும், கண்மாய் வாய்பிளந்து கிடக்கும். காற்றை மேலே தூக்கும் அதே வெயில்தான் இந்த மண்ணையும் தூக்குகிறது. பொட்டலில் சுழல்காற்று கிளம்பிச் சருகையும் பாலித்தீன் பையையும் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிராவல் டிப்பரும் வண்டல் அள்ளும் டிராக்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் வளவுத் தரையில் படிவது இதுதான். இதில் ஆறுதல் என்னவென்றால் பெரும்பாலும் பருமனான துகள்கள். மூக்கும் தொண்டையும் முக்கால்வாசியை நிறுத்திவிடும். தும்மல், கண் உறுத்தல், வறட்டிருமல் வரும். புகைத் துகள் அப்படியில்லை, அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். வீசிங் உள்ளவர்களுக்கு இரண்டுமே கெடுதல்தான், ஆனால் இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றால் காலைக் கறுப்புக்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஓசோன். மேலே இருந்தால் நம்மைக் காக்கும், தரைமட்டத்தில் இருந்தால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல் ஆவி, மர ஆவி போன்றவையும் கடும் வெயிலில் சமைந்து உருவாவது அது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை உச்சம். நகரத்து நெரிசலில் புகையே அதைத் தின்றுவிடுவதால், காற்றோட்டத்தில் தள்ளியிருக்கும் கிராமத்தில் சில நேரம் அதிகமாக இருக்கும். பங்குனி, சித்திரை வெயில் அதற்கு ஏற்றதுதான், ஆனால் உங்கள் ஊரில் எவ்வளவு என்பது ஓசோன் கருவி வைத்து அளக்காமல் வெறும் ஊகம். முகமூடி இதைத் தடுக்காது. அந்த வெயிலில் அம்மாவை யாரும் வெளியே கூட்டிப்போகப் போவதில்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

மகரந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. சீமைக்கருவேல மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். எண் குறைவாக இருந்த நாளிலும் அம்மாவுக்கு இழுப்பு வந்தால், தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மாசி முடியும்வரை நடையை ஒன்பது, ஒன்பதரைக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்து மணிக்கு. இருட்டிய பிறகு வேண்டாம், மச்சு மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். பங்குனிப் பாதிக்கு மேல் ஒன்பது மணி வெயில் தாங்காது, அப்போது தென்றல் வீசும் நாளில் ஏழு மணிக்கே போகலாம். நம் வீட்டு முற்றம் திறந்தே கிடப்பது. வெளிக்காற்றை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். அம்மா தூங்கும் உள்ளறை ஜன்னலை மட்டும் ராத்திரி பத்திலிருந்து காலை ஒன்பது வரை சாத்திவிட்டு, பத்துக்கு மேல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். தரையை விளக்குமாறு போட்டுக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தூசுக்கு மூக்கில் துண்டைக் கட்டினால் போதும். புகைக்குத் துண்டு உதவாது, முகத்தில் இறுக்கமாகப் படியும் என்95தான் வேண்டும். சாத்திய அறைக்குள் கொசுவர்த்திச் சுருள் மட்டும் கூடவே கூடாது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிய விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள். என் பெரியம்மா வீட்டில் மாசிப் பனிக்கு ஜன்னலைச் சாத்தி, உள்ளே சுருளும் ஏற்றி, 'ஊர்க்காற்று கெட்டுப்போச்சு' என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். மீட்டர் வைத்த அன்று தெருவைவிட அறை மூன்று பங்கு அழுக்கு. கொசுவலை கட்டினோம்.

தெருவில் சருகு எரிப்பவரிடம் சண்டை வேண்டாம். எரிக்கவே கூடாது என்பதுதான் சட்டம், குழியில் போட்டு மட்க வைப்பதுதான் முறை. உங்கள் தெருவில் அதற்கு ஆள் சம்மதிக்கும்வரை, விடியற்காலையிலும் விளக்கு வைத்த பிறகும் மட்டுமாவது தீ வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள்.

தினமும் முடிவெடுக்கப் போனைவிட நல்ல கருவி ஒன்று உங்களிடமே இருக்கிறது. காலையில் கொல்லைப்பக்கம் நின்று, யார் வீட்டு வெந்நீர் அடுப்புப் புகையையாவது பாருங்கள். ஓட்டு உயரத்தில் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் நீள்கிறதா, அம்மா இன்னும் கொஞ்சம் உள்ளேயே இருக்கட்டும். அலைந்து அலைந்து மேலே போய்க் காணாமல் போகிறதா, செருப்பை எடுத்து வையுங்கள்.